கிளிக்கு என்ன சமையல்?

சாதம் வேண்டாம், முறுக்குத்தான் வேண்டும் என்று ஒரு குழந்தை அடம் பிடித்தால் நாம் என்ன செய்வோம்? முறுக்கு டப்பாவை எடுத்துப் பரண்மேல் வைத்துவிடுவோம். இரண்டு வேளை அழுது தீர்க்கும். மூன்றாவது வேளை ரசம் சாதத்தைப் பேசாமல் சாப்பிட்டுவிடும். குழந்தைக்கு இந்த வைத்தியம் சரிதான். ஆனால் இதையே கிளிக்குச் செய்தால், இரண்டு நாளில் கிளியே இல்லாமல் போய்விடக் கூடும். இந்த ஒரு சமாசாரத்தைச் சொல்வதற்காகத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "எங்கள் வீட்டுக் கிளி சூரியகாந்தி விதையைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. காரட் வைத்தால் கீழே தள்ளிவிட்டு என்னை முறைத்துப் பார்க்கிறது. பட்டினி போட்டால் வழிக்கு வருமா?"

வராது, அம்மா. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானே போட்டுப் பார்த்தவள். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் இன்னொரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

கிளி என்றதும் நம் மனக்கண்ணில் வருவது பச்சை உடம்பும், சிவந்த மூக்கும், கழுத்தில் ஆரமுமாக இருக்கும் நம் ஊர்க் கிளி. அது காட்டுப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வைத்து வளர்ப்பதும் குற்றம். "மீனாட்சி கையிலும் ஆண்டாள் தோளிலும் இருக்கிறதே!" என்று வாதாடிப் பிரயோஜனமில்லை. உங்கள் வீட்டில் இருப்பது அந்தக் கிளியானால் வனத்துறையினரிடம் ஒரு வார்த்தை சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். நீங்களாகக் கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள். கூண்டிலேயே வளர்ந்த பறவைக்கு இரை தேடவும் தெரியாது, காக்கையிடமிருந்து தப்பவும் தெரியாது.

நான் சொல்லப் போவது, வீடுகளில் வளர்ப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட வெளிநாட்டுக் கிளிகளைப் பற்றி. நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று தவறாகப் பெயர் சொல்லி அழைக்கும் பட்ஜரிகர் ஒன்று. எங்கள் வீட்டில் இருக்கும் காக்கடீல் இன்னொன்று. இரண்டுக்கும் பூர்வீகம் ஆஸ்திரேலியா. கடைக்காரர்கள் காக்கடீலைக் 'காக்டெயில்' என்பார்கள். என் பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "குடிக்கிற சாமானோட பேரையா ஒரு ஜீவனுக்கு வைப்பா?" என்று என் மாமியார் முகத்தைச் சுளித்தார். சாம்பல் நிற உடம்பு, மஞ்சள் முகம், இரண்டு கன்னத்திலும் குங்குமம் அப்பினாற்போல் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் குடுமி. குடுமியைப் பார்த்ததும் மாமியாரே அதற்கு 'அம்பி' என்று நாமகரணம் செய்துவிட்டார்.

அம்பி கெட்டிக்காரன். குக்கர் விசிலை அச்சாகக் கற்றுக்கொண்டு, அடுப்பில் குக்கரே இல்லாதபோது விசில் அடித்து என்னைச் சமையலறைக்கு ஓட வைப்பான். நாலு வருஷம் அவனுக்குச் சூரியகாந்தி விதையும் தினையும்தான் ஆகாரம். நடுநடுவே மாமியார் உபயத்தில் ஒரு வாய் பால் சாதம், ஒரு முறுக்கு நுனி. கொழு கொழுவென்று இருந்தான். நன்றாகத்தான் வளர்க்கிறோம் என்று எங்களுக்கும் பெருமை.

ஒரு மழைக்காலத்தில் அவன் தும்ம ஆரம்பித்தான். ஜலதோஷம் என்று நினைத்துப் பறவை வைத்தியம் தெரிந்த டாக்டரிடம் கொண்டு போனோம். அவர் அம்பியை ஒரு துண்டில் சுற்றி, வாயைத் திறந்து விளக்கடித்துக் காட்டினார். உள்ளே அன்னத்தில் வெள்ளை வெள்ளையாகச் சின்னப் படலங்கள். "விதை மட்டுமே தின்கிற பறவைகளுக்கு வருவதுதான். வைட்டமின் ஏ குறைவு," என்றார். தராசில் வைத்துப் பார்த்து, 94 கிராம் என்று எழுதிக்கொண்டார்.

எனக்கு நம்ப முடியவில்லை. "காட்டில் கிளிகள் விதையைத்தானே தின்கின்றன, டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். காட்டில் காக்கடீல் தின்பது பெரும்பாலும் புல் விதை; அதுவும் பச்சையாகவும் பாதி முற்றியதாகவும் பல தினுசு. தண்ணீருக்கும் இரைக்குமாகத் தினமும் வெகுதூரம் பறக்கும். கூண்டிலிருப்பது பறப்பது அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. அதற்கு நாம் தருவதோ காய்ந்த சூரியகாந்தி விதை. அந்தப் பருப்பில் பாதிக்குப் பாதி கொழுப்பு. வைட்டமின் ஏ இல்லையென்றே சொல்லலாம். சுண்ணாம்புச் சத்து கொஞ்சம். அதைவிடப் பல மடங்கு பாஸ்பரஸ். இப்படி இருந்தால் உள்ள சுண்ணாம்புச் சத்தும் உடம்பில் சரியாகச் சேராது.

இதனால் என்ன கெடுதல்? வைட்டமின் ஏ குறைந்தால் மூக்கு, வாய், தொண்டை இவற்றின் உள் தோல் தடித்துப் போகும். கிருமிகள் சுலபமாக நுழையும். கொழுப்பு மிஞ்சினால் கல்லீரல் கெடும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் பெண் பறவைகள் பாடு மிகவும் கஷ்டம். ஜோடி இல்லாமலேகூட அவை முட்டையிடும். அந்த முட்டை ஓடு கெட்டிப்படாமல் வயிற்றிலேயே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதில் ஒன்றையும் பறவை வெளியே காட்டிக்கொள்ளாது. நோஞ்சான் என்று தெரிந்தால் பருந்துக்கு அதுதான் முதல் இரை என்பதால், உடம்பு சரியில்லாததை மறைப்பது அதன் பிறவிக் குணம். நமக்குத் தெரியும்போது வியாதி முற்றியிருக்கும்.

டாக்டர் மூக்குக்கு மருந்து கொடுத்து, "இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஆகாரத்தை மாற்றுங்கள்," என்று சொல்லி அனுப்பினார். 'மெல்ல மெல்ல' என்ற வார்த்தைகளை அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் வீடு வந்து சேர்ந்தேன்.

'பெல்லட்' என்று ஒரு தீவனம் இருக்கிறது. தானியம், பருப்பு, வைட்டமின், சுண்ணாம்புச் சத்து எல்லாவற்றையும் அரைத்துச் சேர்த்துச் சிறு சிறு உருண்டைகளாகச் செய்திருப்பார்கள். அதை வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், "விதையை அடியோடு நிறுத்திவிடுங்கள் அம்மா. பசித்தால் தானே தின்னும்," என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. என் பிள்ளையை அப்படித்தானே சாம்பார் சாதம் சாப்பிட வைத்தேன்!

முதல் நாள் முழுதும் அம்பி பெல்லட் கிண்ணத்தருகிலேயே நின்றான். சாயங்காலம் பார்த்தேன், கிண்ணத்தில் பாதி குறைந்திருந்தது. வெற்றிதான் என்று நினைத்தேன். மாமியார் மட்டும், "அதுக்குப் பிடிச்சதைக் குடுக்கறதை விட்டுட்டு, மாத்திரை மாதிரி என்னத்தையோ கொண்டுவந்து வெச்சிருக்கியே!" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் முழுதும் விசில் சத்தமே கேட்கவில்லை. கோபித்துக் கொண்டிருக்கிறான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த நாள் காலையில் போர்வையை விலக்கினால், அம்பி கூண்டின் தரையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்து போல உட்கார்ந்திருந்தான். எச்சம் கரும்பச்சையாகத் துளித்துளியாக இருந்தது. கீழே விரித்திருந்த காகிதத்தை எடுத்து உதறினேன். அவ்வளவும் பெல்லட் தூள். அவன் ஒன்றையும் தின்றிருக்கவில்லை. கடித்துக் கடித்துத் துப்பியிருக்கிறான். அவன் கண்ணுக்கு அது ஆகாரமே இல்லை! வெறும் கூழாங்கல். நம் முன்னால் ஒரு தட்டுப் பளிங்குக் குண்டுகளை வைத்துவிட்டு, பசித்தால் தின்பாய் என்றால் எப்படி இருக்கும்?

டாக்டர் வீட்டுத் தராசில் அன்று 81 கிராம் இருந்தான். இரண்டு நாளில் 13 கிராம் போய்விட்டது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்மணி இரண்டு நாளில் ஏழு கிலோ இளைத்தால் எப்படியோ அப்படி. வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து, குழாய் வழியாகக் கஞ்சி போன்ற ஆகாரத்தை ஊட்டினார்கள். மூன்று நாள் அங்கே இருந்தான். அந்த மூன்று நாளும் என் மாமியார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அம்பி பிழைத்து வந்தான். பழையபடி விதை கொடுத்து, எடை தேறும் வரை பொறுத்திருந்து, பிறகு டாக்டர் சொன்னபடி முறையாக ஆரம்பித்தேன். அந்த முறையை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

முதலில் டாக்டர், பிறகுதான் தீவனம். உடம்பு சரியில்லாத பறவைக்கு ஆகாரத்தை மாற்றக் கூடாது. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பறவைகளைப் பார்க்கும் டாக்டர் யார் என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒரு கிராம் வரை சரியாகக் காட்டும் சமையலறைத் தராசு. தினமும் காலையில், முதல் எச்சம் போட்டபின், ஆகாரம் வைப்பதற்கு முன் நிறுத்து, காலண்டரிலேயே குறித்து வையுங்கள். 90 கிராம் பறவை நாலைந்து கிராம் இளைத்தால் ஒரு படி பின்வாங்கி, விதையைக் கூட்டுங்கள். 9 கிராம் குறைந்துவிட்டால், அதாவது பத்தில் ஒரு பங்கு, உடனே பழைய ஆகாரத்தை வைத்துவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். எச்சத்தையும் தினம் பாருங்கள். காரட் தின்றால் ஆரஞ்சாகவும், பெல்லட் தின்றால் பழுப்பாகவும் மாறுவது சகஜம். அளவு குறைந்து, கரும்பச்சையானால் பறவை பட்டினி என்று அர்த்தம்.

மூன்றாவது, கிண்ணம் செய்யும் மோசடி. கிளி விதையை உடைத்துப் பருப்பைத் தின்றுவிட்டு, உமியைக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் கிண்ணம் நிறைய இருக்கிறாற்போலத் தெரியும். தினமும் உமியை ஊதிப் பார்த்த பிறகே, மீதி இருக்கிறதா இல்லையா என்று தீர்மானியுங்கள். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இதை இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போங்கள்.

நான்காவது, கலவைக் கணக்கு. முதல் இரண்டு வாரம் முக்கால் பங்கு விதை, கால் பங்கு பெல்லட். பெல்லட்டை நுணுக்கி, துருவிய காரட்டின் ஈரத்தோடு பிசறினால் விதைமேல் ஒட்டிக்கொள்ளும். விதையை எடுக்கும்போது அதன் ருசியும் நாக்கில் படும். எடை நிலையாக இருந்தால் அடுத்த இரண்டு வாரம் பாதிக்குப் பாதி. அதற்குப் பிறகும் அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக. அவசரம் வேண்டாம், அம்பிக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. ஈரமான ஆகாரத்தை நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குமேல் கூண்டில் விட்டு வைக்காதீர்கள், புளித்துவிடும். கோழித் தீவனத்தைப் பெல்லட்டுக்குப் பதிலாகப் போடலாமா என்று கேட்காதீர்கள், அது கோழிக்கு.

ஐந்தாவது, பந்தி. கிளி கூட்டமாக இரை தேடும் ஜாதி. தனியாக ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனால் சந்தேகப்படும். நாம் எதிரில் உட்கார்ந்து அதே காரட்டை ரசித்துத் தின்றால், நமக்கும் வேண்டுமே என்று தோன்றும். என் வீட்டுக்காரர் பத்து நாள் ஆபீசுக்குப் போவதற்கு முன் கூண்டெதிரில் உட்கார்ந்து பச்சைக் காரட்டைக் கடித்தார். அம்பி தின்றானோ இல்லையோ, அவருக்குக் கண் தெளிவாகிவிட்டதாம்! சிறு கிளிகளுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்து, அதன்மேல் பெல்லட்டைத் தூவுவதும் உண்டு. கண்ணாடிக்குள் இன்னொரு கிளி கொத்துவதைப் பார்த்து இதுவும் கொத்தும்.

என்னென்ன கொடுக்கலாம்? காரட், பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு இவற்றில் வைட்டமின் ஏ ஆவதற்குரிய சத்து நிறைய. கிழங்கை மட்டும் வேக வைத்துக் கொடுங்கள். கொத்தமல்லி, அரைக்கீரை, எல்லாவற்றுக்கும் மேலாக முருங்கைக்கீரை: 100 கிராம் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. முளைகட்டிய பச்சைப்பயறும் நல்லது. வாடை வந்தால் தூர எறிந்துவிடுங்கள். கீரையை நன்றாகக் கழுவி, ஈரத்தோடு கூண்டுக் கம்பியில் கொத்தாகக் கட்டித் தொங்க விடுங்கள். மிளகாய்ப் பழம் கொடுத்தால் ஆனந்தமாகத் தின்னும். நமக்கு எரிகிற காரம் பறவைகளின் நாக்குக்கு உறைப்பதே இல்லை! நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேட்டால் கணவாய் மீனின் ஓடு கிடைக்கும். நன்றாகக் கழுவி, ஊற வைத்து, வெயிலில் காயவிட்டுக் கூண்டில் மாட்டினால் சுண்ணாம்புச் சத்துக்கு ஆயிற்று.

எங்கள் டாக்டர் அம்பிக்குச் சொன்ன கணக்கு: பாதி பெல்லட், மீதியில் பெரும்பகுதி காய், கீரை, முளைப்பயறு, கடைசியில் கொஞ்சம் விதையும் ஒரு துண்டுப் பழமும். விதை இப்போது ஆகாரமல்ல. நம் கையிலிருந்து ஒன்றிரண்டாகக் கிடைக்கும் பட்சணம்.

கொடுக்கக் கூடாதவையும் உண்டு. வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காப்பி, டீ, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை, உப்பு போட்ட பலகாரம் இவை கூடவே கூடாது. கிளி என்றால் பாலும் பழமும் என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம்; பாலும் வேண்டாம். பால் குடித்து வளரும் ஜாதியல்ல பறவை. அதைச் செரிக்கும் சக்தி அதன் வயிற்றுக்கு இல்லை. ஆகாரமல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒட்டாத தோசைக்கல்லை அடுப்பில் அளவுக்குமேல் காய விட்டால் எழும் புகை, சில நிமிஷத்தில் கிளியைக் கொன்றுவிடும். கூண்டைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள்.

பிறகு அம்பி என்ன ஆனான் என்கிறீர்களா? ஒன்றரை மாதம் வரை பெல்லட் தூளை விதையோடு தின்றானே தவிர, பச்சையாக எதையும் தொடவில்லை. ஒரு நாள் மத்தியானம் மாமியார் கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கூண்டு திறந்திருந்தது. அம்பி இறங்கி, தத்தித் தத்தி நடந்து போய் முறத்தின் ஓரத்தில் ஏறி நின்றான். மாமியார் ஒரு இணுக்கை உருவுவார், அவன் பார்ப்பான். இன்னொன்றை உருவுவார், பார்ப்பான். சற்று நேரத்தில் தானும் ஒரு இணுக்கைப் பிடித்து இழுத்து, இலையை நறுக்கென்று கடித்தான். துப்பவில்லை.

நான் வாசற்படியில் மூச்சு விடாமல் நின்றேன். மாமியார் தலையைத் தூக்காமலே, "சத்தம் போடாதே. குழந்தை சாப்பிடறது," என்றார்.

அன்று முதல் பால் சாதம், முறுக்கு நுனி எல்லாம் நின்றுவிட்டன. அதற்குப் பதில் மத்தியானந்தோறும் பாட்டிக்கும் பேரனுக்கும் முறத்தடியில் சந்திப்பு. கொடுக்கிற கைக்கு எதையாவது கொடுக்க வேண்டும்; அது கீரையாக இருந்துவிட்டால் இரண்டு பேருக்கும் க்ஷேமம்.

திருச்சி சகோதரிக்கு: விதையை நிறுத்தாதீர்கள், குறையுங்கள். பட்டினி போடாதீர்கள், பந்தி போடுங்கள். தராசை மட்டும் மறக்காதீர்கள். இன்று காலை எங்கள் காலண்டரில் எழுதிய எடை 92 கிராம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சமையலறைப் பக்கம் குக்கர் விசில் கேட்கிறது. எழுந்து ஓடப் போவதில்லை. நான் இன்னும் அரிசியே களையவில்லை.